பிளசர் இன்ஜினுக்குச் சாமான் தேடின கதை

போன பங்குனியில பருத்தி எடுப்பு முடிஞ்ச கையோட ஒரு பழைய இரும்பு வியாபாரி ஊருக்குள்ள வந்தாரு. தகரக் கொட்டகையில நின்ன எங்க பெரியப்பாவோட அம்பாசடரை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "எடை போட்டு எடுத்துக்கிறேன் அண்ணே, கையில ரூவா வாங்கிக்கங்க"ன்னாரு. பன்னெண்டு வருசமா ஓடாத வண்டி. பின் சீட்டுல கோழி முட்டை வச்சுக்கிட்டிருந்துச்சு. வீட்டுக்காரி கூட, "குடுத்துருங்க, அந்த இடத்துல வைக்கோலாவது அடையலாம்"னு சொன்னா.

பெரியப்பா ஒன்னும் பேசல. எந்திரிச்சுப் போய் முன் கதவைத் திறந்து சீட்டுல உக்காந்துக்கிட்டாரு. அவ்வளவுதான். வியாபாரி டீ குடிச்சுட்டுப் போயிட்டாரு. இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கிற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு.

எங்க ஊரு திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவுல, மானாவாரிக் கரிசக்காடு. இந்த வண்டி இங்க வந்தது 1989-ல, மதுரையில ஒருத்தர் ஓட்டி முடிச்ச பிறகு. அப்ப ஊர்ல இருந்த ஒரே காரு இதுதான். கிழவிமாரு எல்லாம் காருன்னு சொல்ல மாட்டாக, "பிளசர்"னுதான் சொல்லுவாக. கல்யாணத்துக்குப் போயிருக்கு, பருத்தித் தாட்டு ஏத்தியிருக்கு, உரமூட்டை சுமந்திருக்கு. கடைசி பஸ்சை விட்டா மறுநாள் காலைலதான் அருப்புக்கோட்டை போக முடியும்கிற காலத்துல, கட்டுவிரியன் கடிச்ச ரெண்டு பேரை ராத்திரியோட ராத்திரியா அரசு ஆஸ்பத்திரியில கொண்டு போய்ச் சேத்திருக்கு. ரெண்டு பேரும் இன்னைக்கும் காட்டு வேலை பாக்குறாக. பெரியப்பா ஏன் எந்திரிச்சுப் போய் சீட்டுல உக்காந்தாருன்னு இப்ப உங்களுக்குப் புரியும்.

அவரு டீசல் வண்டியாப் பாத்து வாங்குனதுக்கு ஒரு காரணம் உண்டு. கிணத்துல ஆயில் இன்ஜின் ஓடுது, வீட்டுல எப்பவும் ஒரு பீப்பாய் டீசல் கிடக்கும். காருக்குன்னு தனியா பெட்ரோல் தேடி அலைய வேண்டியதில்ல. கரிசக்காட்டுல அம்பாசடர் டீசல் வாங்குன முக்காவாசிப் பேரு இந்தக் கணக்குலதான் வாங்குனாக.

இன்ஜினோட பூர்வீகம்

சாமான் தேடப் போறதுக்கு முந்தி இன்ஜினோட சொந்தபந்தம் யாருன்னு தெரியணும். பொண்ணு பாக்கப் போகும்போது வம்சம் விசாரிக்கிற மாதிரிதான்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-ல ஆரம்பிச்சது. குஜராத் கடலோரம் ஓகா துறைமுகத்துல தொடங்கி, பிறகு கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்கு வந்துட்டாங்க. இங்கிலாந்து மோரிஸ் கம்பெனி காருகளைத்தான் பேரு மாத்தி இங்க செஞ்சாங்க. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்தான் நம்ம அம்பாசடர். 1957 வாக்குல வந்தது. மொதல்ல பழைய சைடு வால்வு இன்ஜின் இருந்துச்சு. 1959-ல வால்வு மேல இருக்கிற 1489 சி.சி. இன்ஜினை வச்சாங்க. அதுக்கு 'பி சீரிஸ்'னு பேரு.

இங்கிலாந்துல ஆஸ்டினும் மோரிஸும் 1952-ல ஒன்னாச் சேந்து பி.எம்.சி.ன்னு ஒரே கம்பெனியாச்சு. அதுக்கப்புறம் இந்த பி சீரிஸ் இன்ஜினை அவங்க எத்தனையோ வண்டியில தூக்கி வச்சாங்க. ஆஸ்டின் கார்ல இருந்துச்சு, மோரிஸ் கார்ல இருந்துச்சு. 1955-ல வந்த எம்.ஜி.ஏ.ங்கிற ரெண்டு சீட்டு ரேஸ் மாதிரிக் கார்லயும் இதே 1489 சி.சி.தான். நம்ம ஊரு மண்ணு ரோட்டுல உரமூட்டையோட ஆடி ஆடிப் போன வண்டிக்கும், சீமையில துரைமாரு தொப்பி பறக்க ஓட்டுன வண்டிக்கும் ஒரே வம்சம்.

அம்பாசடர்ல டீசல் வந்தது 1979-ல, மார்க் 4 வண்டியில. அதே 1489 சி.சி., 37 குதிரைச் சக்தி. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார்னு இதைத்தான் சொல்லுவாங்க. இந்த டீசல் இன்ஜினோட கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1965-ல பி.எம்.சி. ஒரு மினி டிராக்டர் விட்டுச்சு. அதுல 948 சி.சி. டீசல் இன்ஜின் இருந்துச்சு. உழவுக்கு சக்தி பத்தல. 1968-ல இந்த 1489 சி.சி. டீசலை அதுல தூக்கி வச்சாங்க. அப்புறம் அதுதான் லேலண்ட் 154-ன்னு பேரு மாறுச்சு. இங்கிலாந்து கால்வாய்ப் படகுகள்லயும் இதே இன்ஜின் இன்னைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. ஆக, நம்ம பிளசர்ல இருக்கிறது டிராக்டர்லயும் படகுலயும் பாடுபட்ட இன்ஜின். இதைப் பெரியப்பாகிட்டச் சொன்னப்ப, "அதான் அப்படி டமடமன்னு கத்துது"ன்னாரு.

ஒன்னைப் போல ஒன்னு

ஒரு வண்டிச் சாமானைக் கழட்டி இன்னொரு வண்டியில போட முடியும்கிறது இன்னைக்கு நமக்குச் சாதாரணம். ஒரு காலத்துல அப்படி இல்ல. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. நம்ம ஊரு ஆசாரி செஞ்ச சக்கரம் பக்கத்து ஊரு வண்டி அச்சுல ஏறாது. ஏறுனாலும் ஆடும். அந்தந்த அச்சுக்கு அந்தந்தச் சக்கரம், இழைச்சு இழைச்சுப் பொருத்தணும். ஆரம்ப கால மிஷின் எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதுக்குன்னு ஒரு நட்டு. மாத்திப் போட்டா ஏறாது.

1841-ல இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த்ங்கிறவர், மரை இத்தனை டிகிரி சாய்வு, இந்தக் கனத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை மரைன்னு ஒரு கணக்கு எழுதிக் கொண்டு வந்தாரு. சாய்வு 55 டிகிரி. இந்தக் கணக்கு இன்னைக்கும் நம்ம தோட்டத்துல உசுரோட இருக்கு. இரும்பு பைப்புல ஒரு இஞ்சுக்கு 11 மரை வெட்டுறோமே, அது விட்வொர்த் மரைதான். திருச்சுழியில வாங்கின பைப்புல அருப்புக்கோட்டையில வாங்கின சாக்கெட் ஏறுதுன்னா, அது அவரு போட்ட கணக்கு.

காருல இதை ஊரறியக் காட்டினது காடிலாக் கம்பெனி. 1908-ல அமெரிக்காவுல இருந்து வந்த மூணு காடிலாக் காருகளை, லண்டன் பக்கம் புரூக்லேண்ட்ஸ்ல வச்சு, மோட்டார் சங்கத்துக்காரங்க முன்னால நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சாங்க. மூணு வண்டிச் சாமானையும் ஒன்னாக் கொட்டிக் கலந்துட்டாங்க. கொஞ்சம் சாமானைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, அதுக்குப் பதிலா கடை அலமாரியில இருந்து புதுசா எடுத்துக் குடுத்தாங்க. மறுபடி மூணு வண்டியாப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினாங்க. அரம் வச்சு ஒரு இழை கூட இழைக்கல. அந்த வருசம் டீவர் கோப்பை காடிலாக்குக்குத்தான்.

அரம் போடாமப் பூட்டுறது, கடையில வாங்கி அப்படியே மாட்டுறது. ஊருல ஒரு மெக்கானிக் இருந்தாப் போதும்னு நாம வண்டி வாங்குற தைரியம் அங்கருந்துதான் வந்துச்சு.

நம்ம நாட்டுல எப்படி வந்துச்சு

சுதந்திரத்துக்கு அப்புறம், இங்க சும்மா சாமான் இறக்கிப் பூட்டி விக்கிறவங்க வேண்டாம், இங்கயே செய்யிறவங்கதான் வேணும்னு 1953-ல அரசாங்கம் முடிவெடுத்துச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் நின்ன காரு மூணு வகைதான்: கல்கத்தாவுல அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு.

இதுல கெட்டதும் உண்டு, நல்லதும் உண்டு. வண்டி வேணும்னா எழுதி வச்சுட்டு வருசக்கணக்காக் காத்துக் கிடக்கணும். போட்டி இல்லாததால வண்டியும் பெருசா மாறல. ஆனா ஒரே இன்ஜினை முப்பது வருசம் செஞ்சதால, அதுக்குச் சாமான் செய்யிற தொழில் நாடெல்லாம் வேர் விட்டுருச்சு. முக்கியமா நம்ம தமிழ்நாட்டுல. மெட்ராஸ்ல 1949-ல இந்தியா பிஸ்டன்ஸ். கோயமுத்தூர்ல 1961-ல பைமெட்டல் பேரிங்ஸ். வால்வுக்கு ரானே குழுமம். டைனமோ, ஸ்டார்ட்டருக்கு லூக்காஸ் டி.வி.எஸ். பக்கத்துல பெங்களூர்ல, 1951-ல ஆரம்பிச்ச மைக்கோ, டீசல் பம்பும் நாசிலும் செஞ்சுச்சு. மதுரையில 1911-லயே பஸ் விட்டு ஆரம்பிச்ச டி.வி.எஸ். வம்சந்தான் இதுல லூக்காஸ் டி.வி.எஸ்.சுக்குத் தாய்வீடு.

இந்தக் கம்பெனிகள் ஒரு காருக்கு மட்டும் செய்யல. பிஸ்டன் செய்யிறவங்க காருக்கும் செஞ்சாங்க, டிராக்டருக்கும் செஞ்சாங்க, கிணத்து ஆயில் இன்ஜினுக்கும் செஞ்சாங்க. அதனாலதான் அருப்புக்கோட்டை மாதிரி நெசவு ஊருல கூட ஒரு சின்னக் கடையில போய், "அம்பாசடர் டீசல், பிக் எண்ட் பேரிங், 20 சைஸ்"னு கேட்டா கடைக்காரரு முழிக்காம எடுத்துத் தந்தாரு. நான் சொல்றது அந்தக் காலம். உத்தர்பாராவுல 2014 மே மாசத்தோட அம்பாசடர் நின்னு போச்சு. டீசல் 1489 அதுக்கு முன்னமே மவுசு குறைஞ்சிருச்சு, பின்னால வந்த அம்பாசடர்ல ஜப்பான் இசுசு இன்ஜின் ஏறிருச்சு. இப்ப அதே கடையில போய்க் கேட்டா, மகன் உக்காந்திருக்கான். "எந்த வருச மாடல் அண்ணே, செசி நம்பர் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல பாக்குறேன்"ங்கிறான். கம்ப்யூட்டர்ல இல்ல.

பிரிச்சுப் பாத்தோம்

வேலைக்கு ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டியாந்தேன். வயசு எழுபதைத் தாண்டிருச்சு. கண்ணாடி போட்டாத்தான் மைக்ரோமீட்டர் தெரியும், ஆனா விரலை விட்டுத் தடவியே சிலிண்டர் எங்க தேஞ்சிருக்குன்னு சொல்லிருவாரு. முதல் நாளே ஒரு கணக்கு நோட்டு வாங்கியாரச் சொன்னாரு. சாமானை நாலு கூறாப் பிரிச்சு எழுதச் சொன்னாரு. அந்தக் கணக்கை இங்க எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல் கூறு, நம்பர் சாமான். பேரிங், ஆயில் சீல், பெல்ட் இதெல்லாம். பால் பேரிங் மேல 6203-ன்னு வெட்டியிருந்தா உள் ஓட்டை 17 மில்லி, வெளிச்சுத்து 40, கனம் 12. எந்த நாட்டுல, எந்தக் கம்பெனி செஞ்சாலும் இதேதான். இதுக்கு அம்பாசடர் கடையே தேவையில்ல. அருப்புக்கோட்டையில நூல் மில்லுக்குச் சாமான் விக்கிற கடையிலயே வாங்கிட்டோம். கதிர் சுத்துற மிஷினுக்கு வாங்குற பேரிங்தான் நம்ம வண்டியிலயும் சுத்துது.

ரெண்டாவது கூறு, சைஸ் சாமான். பிஸ்டன், ரிங், பேரிங் செல். இது இந்த இன்ஜினுக்குன்னு இருக்கிறது, ஆனா அளவு மாறும். அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்குதான் பட்டறைக்காரங்க சொல்ற 'தவ்'. புது இன்ஜின் சிலிண்டர் 73.025 மில்லி, சரியா ரெண்டே முக்காலே அரைக்கால் அங்குலம். தேய்ஞ்சா 20 தவ் கூட்டி போர் போட்டு அதுக்கு ஏத்த பிஸ்டன் போடுவாங்க. மறுபடி தேய்ஞ்சா 40. எங்க வண்டியில ஏற்கெனவே 20 போட்டிருந்தாக. அதனால 40 போட்டோம். இனிமே தேய்ஞ்சா ஸ்லீவ் இறக்கித்தான் பழைய அளவுக்குக் கொண்டாரணும். கிராங்குக்கு இதே கணக்கு தலைகீழா. அதைக் கடைஞ்சு சிறுசாக்குவோம், செல் அந்த அளவுக்குக் கனமா வாங்குவோம்.

இங்கதான் முதல் அடி விழுந்துச்சு. வெளியூர்க் கடை ஒன்னுல ரிங் செட் வாங்கியாந்தேன். டப்பாவுல 40-ன்னு போட்டிருந்துச்சு. அண்ணாச்சி நம்பல. ஒரு ரிங்கை எடுத்து சிலிண்டருக்குள்ள வச்சு, வாய்ப்பக்கம் ஃபில்லர் கேஜ் விட்டுப் பாத்தாரு. பத்து தவ் பக்கம் இருக்க வேண்டிய இடைவெளி எழுபதுக்கு மேல இருந்துச்சு. "குறுக்களவு 20 தவ் குறைஞ்சா சுத்தளவு மூணு மடங்குக்கு மேல குறையும்ல தம்பி. இது 20 ரிங். டப்பாவை எவனோ மாத்திட்டான்"னாரு. அப்படியே மாட்டியிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கும், ஆனா ஆயிலும் குடிக்கும், இழுக்கவும் செய்யாது. நாங்களும் "பழைய இன்ஜின் இப்படித்தான்"னு முடிவு கட்டியிருப்போம். கடைக்காரரு மறு பேச்சில்லாம மாத்திக் குடுத்துட்டாரு.

மூணாவது கூறு, ஒன்னு போலத் தெரியிற சாமான். அண்ணாச்சி இதைச் சிவப்பு மையில எழுதச் சொன்னாரு. பெட்ரோல் அம்பாசடரும் 1489, டீசலும் 1489. சிலிண்டர் அகலமும் ஒன்னு, பிஸ்டன் போய் வர்ற தூரமும் ஒன்னு, 88.9 மில்லி. மதுரையில ஒரு இடத்துல பெட்ரோல் பிஸ்டன் மலிவாக் கிடைச்சப்ப எனக்குக் கூட சபலம் வந்துச்சு. ஆனா பெட்ரோல்ல காத்தை ஏழெட்டு மடங்கு அமுக்குனாப் போதும், மிச்சத்தை பிளக் பாத்துக்கிரும். டீசல்ல காத்து அமுங்குற சூட்டுலயே எண்ணெய் பத்தணும், இந்த இன்ஜின்ல 23 மடங்கு. அந்த அடியை பெட்ரோல் பிஸ்டன் தாங்காது, அதோட தலை வடிவமும் வேற. உள்ள போகும், ஆனா வேலை செய்யாது.

இதே கூறுல நான் செஞ்ச தப்பு ஒன்னு இருக்கு. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தப்ப, வாட்டர் பம்புக்கு ஒரு போல்ட் குறைஞ்சுச்சு. டிராக்டர் டப்பாவுல தேடி 8 மில்லி போல்ட் ஒன்னை எடுத்து முறுக்கினேன். ரெண்டு சுத்து சுகமாப் போச்சு, அப்புறம் இறுகுச்சு. நம்ம பலத்தைக் காட்டி இன்னும் ரெண்டு முறுக்கு. பிளாக்குல இருந்த மரை உரிஞ்சு பொடியா வந்துருச்சு. இந்த வண்டி போல்ட் அங்குலக் கணக்கு, 5/16. மில்லியில சொன்னா 7.94. கண்ணுக்கு 8 மாதிரியேதான் இருக்கும். ஆனா அதுல அங்குலத்துக்கு 24 மரை, 8 மில்லி போல்ட்டுல 20 சொச்சம். இதுல ஸ்பானரும் சேந்து ஏமாத்தும். 5/16 போல்ட் தலைக்கு அரை அங்குல ஸ்பானர், அதாவது 12.7 மில்லி. 13 நம்பர் ஸ்பானர் அதுல சும்மா உக்காந்துக்கிரும்.

அண்ணாச்சி வந்து பாத்தாரு. திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. பிளாக்கைத் திரும்ப லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய், ஓட்டையைப் பெருசாக்கி 3/8 டேப் அடிச்சு, பம்ப் ஓட்டையையும் அதுக்கேத்த மாதிரி விரிச்சு வாங்கியாந்தோம். ரெண்டு நாளும் கூலியும் போச்சு.

நாலாவது கூறு, எங்கயும் கிடைக்காத சாமான். இதுக்கு மூணு வழி. சென்னை புதுப்பேட்டையில பிரிச்ச வண்டிகள்ல தேடலாம். மஞ்சள் அம்பாசடர் டாக்சி ரொம்ப நாளு ஓடுன கல்கத்தாவுல சொல்லி வைக்கலாம். ரெண்டும் இல்லைன்னா லேத்துல கடைஞ்சுக்கலாம். தெர்மோஸ்டாட் மூடி ஒன்னும் ரெண்டு ஹீட்டர் பிளக்கும் புதுப்பேட்டையில இருந்து பார்சல்ல வந்துச்சு. வால்வு கைடு எட்டையும் லேத் அண்ணன் கடைஞ்சு குடுத்துட்டாரு.

நோட்டு

ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் இன்ஜின் ஓடுச்சு. முதல்ல வெள்ளைப் புகை, அப்புறம் கருப்பு, அப்புறம் சுத்தமாயிருச்சு. பெரியப்பாவை முன்னால உக்கார வச்சு திருச்சுழி வரைக்கும், நாப்பதைத் தாண்டாம, மெதுவாப் போயிட்டு வந்தோம். போர் போட்ட இன்ஜின், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் ஓட்டணும்.

கணக்குப் பாத்தா, செலவழிச்ச காசுக்கு இரும்பு வியாபாரி சொன்ன தொகையை மூணு தடவை வாங்கியிருக்கலாம். ஆனா என் கவலை காசு இல்ல. புதுப்பேட்டையில இன்னும் சாமான் கிடக்கு. மில் கடையில பேரிங் கிடக்கு. எது எதுல சேரும், எது சேர்ற மாதிரி ஏமாத்தும்ங்கிற கணக்குதான் அண்ணாச்சி மாதிரி நாலு பேரு தலைக்குள்ள மட்டும் கிடக்கு. அவருக்குப் பின்னால கத்துக்க அவரு மகனே வரல. அவன் சென்னையில கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருக்கான், அங்க கெட்ட சாமானை அளக்கிறதில்ல, முழுசாக் கழட்டி மாத்துறாங்க.

அதனால நோட்டை என் மகன்கிட்டக் குடுத்து நல்ல கையெழுத்துல எழுத வச்சிருக்கேன். சுருக்கமா ஒரு நாலு வரியை டேப்பட் கவருக்கு உள்பக்கம் வெள்ளைப் பெயிண்ட்ல எழுதியும் வச்சாச்சு: போர் 40. மெயின் 20. பிக் எண்ட் 20. வாட்டர் பம்ப் போல்ட் ஒன்னு மட்டும் 3/8.

உங்க வீட்டுல கிணத்து இன்ஜினோ, பழைய டிராக்டரோ, ஜீப்போ கிடந்தா, அடுத்த தடவை பிரிக்கும்போது நீங்களும் இப்படி எழுதி வையுங்க. அடுத்து அதைத் திறக்கிறவன் நம்ம மகனாத்தான் இருக்கணும்னு இல்ல. யாரா இருந்தாலும், அவன் விரல் விட்டுத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டாம்ல.